மீனின் நீளமும் மேனியும்

அரபு இலக்கணம் பயிலத் தொடங்கும் மாணவனுக்கு முதன்முதலில் கற்பிக்கப்படுவது சொல்லின் எடையாகும். 'வஸ்ன்' என்பதற்கு எடை என்பதே நேர்ப்பொருள். ஒரு வினைச்சொல் எந்த வாய்பாட்டில் அமைந்துள்ளது என்பதை அறிய, அதனை 'ஃபஅல' என்னும் மூவெழுத்து அளவையில் வைத்து நிறுத்துப் பார்க்கிறோம். அதே வேரில் பிறந்த 'மீஸான்' என்னும் சொல் தராசைக் குறிக்கும். மதரஸாக்கள் பலவற்றில் தொடக்க ஆண்டில் ஓதப்படும் ஸர்ஃப் நூலுக்கும் அதுவே பெயர். இலக்கணத்தில் மாணவன் அடுத்துக் காணும் அழகிய சொற்களுள் ஒன்று 'ஹால்' என்பது. ஸைத் வந்தான் என்றால் அது செயல். ஏறியவனாய் வந்தான், அழுதவனாய் வந்தான் என்றால், வந்தபோது அவன் இருந்த நிலை அங்கே கூறப்படுகிறது. அந்நிலையே ஹால்.

முப்பது ஆண்டுகளாக இவ்விரு சொற்களையும் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறோம். இவை ஒரு குளத்து மீனைப் பற்றிய வழக்கில், ஒரு முதியவரின் மானத்தைக் காக்கத் துணைநிற்கும் என்பது 2021ஆம் ஆண்டில்தான் நமக்குத் தெரிய வந்தது. அவ்வழக்கைக் கூறுமுன் அம்மீனைப் பற்றிக் கூற வேண்டும்.

தமிழகத்தில் ஜிலேபிக் கெண்டை என்றும், திலாப்பியா என்றும் வழங்கும் மீன் நம் நாட்டுப் பூர்வீகக் குடியன்று. அதன் தாயகம் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குப் பகுதி. மொஸாம்பிக் நாட்டின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. அங்கிருந்து அது ஜாவாத் தீவை எவ்வாறு அடைந்தது என்பதற்குத் தெளிவான வரலாறு இல்லை. 1930களின் பிற்பாதியில் கிழக்கு ஜாவாவின் தென்கரையில், ஆறு கடலோடு கலக்குமிடத்தில், முஜாயிர் என்னும் சிற்றூர்வாசி அதனைக் கண்டெடுத்து, நன்னீருக்குப் பழக்கி வளர்த்தார். இன்றும் இந்தோனேசியர் அம்மீனை 'முஜாயிர்' என்றே அழைக்கின்றனர். மன்னர் பெயரால் ஊர்கள் விளங்குவதுண்டு. ஓர் எளிய மனிதரின் பெயரால் ஒரு நாட்டின் அன்றாட உணவு விளங்குவது அரிதாகும். 1952ஆம் ஆண்டில் அம்மீன் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் இலங்கையின் பழம்பெரும் குளங்களிலும் விடப்பட்டது.

சங்கப் பாடல்களில் வாளையும் வராலும் கயலும் கெண்டையும் துள்ளுகின்றன. பதினான்காம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த தமீரி அவர்கள், உயிரினங்களை அகரவரிசையில் அடுக்கி எழுதிய 'ஹயாத்துல் ஹயவான்' என்னும் பெருநூலில் மீனுக்கெனத் தனி இடமுண்டு. எனினும் ஒரு மீன் எவ்வளவு வளர்கிறது, வளர்ந்த அளவுக்கு அதன் மேனி செழித்திருக்கிறதா என்னும் இரு கேள்விகளையும் பிரித்தறிந்து எண்ணால் விடை கூறியது பிற்காலத்து அறிவியலே.

வளர்ச்சி வேறு, மேனி வேறு. இதனை வாசகர்கள் முதலில் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம். ஒரு மீன் நீண்டிருந்தும் மெலிந்திருக்கலாம்; குட்டையாயிருந்தும் கொழுத்திருக்கலாம். நீளம், அது கடந்துவந்த காலத்தின் கணக்கு. பட்டினி கிடந்தாலும் எலும்பின் நீளம் குறைந்துவிடாது. எடையோ அண்மைக் காலத்தின் கணக்கு. சில வாரப் பட்டினியிலேயே சதை கரைந்துவிடும். எனவே நீளத்தோடு எடையை ஒப்பிட்டால் அம்மீனின் ஹால் வெளிப்படும்.

ஒப்பிடும் முறை எளியது. உருவம் மாறாமல் ஒரு பொருள் நீளத்தில் இருமடங்கானால், அகலத்திலும் கனத்திலும் இருமடங்காகும். ஆகவே எடை எட்டு மடங்காகும். 10 செ.மீ. நீளமுள்ள மீன் 18 கிராம் எடையிருந்தால், அதே உருவில் 20 செ.மீ. வளர்ந்த மீன் 144 கிராம் இருக்க வேண்டும். இந்தக் கன விதியைக் கொண்டு, கிராமில் எடையை நூறால் பெருக்கி, செ.மீட்டரில் நீளத்தை மும்முறை பெருக்கிய தொகையால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். மேற்கூறிய இரு மீன்களுக்கும் அது 1.8. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறையை வழங்கச் செய்த ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஃபுல்டனின் பெயராலேயே அவ்வெண் குறிக்கப்படுகிறது. நாம் அதனை மேனி எண் என்போம். எண் கூடினால் மேனி செழிப்பு, குறைந்தால் மெலிவு.

இதிலும் எச்சரிக்கை வேண்டும். விராலின் எண்ணையும் ஜிலேபியின் எண்ணையும் ஒப்பிடலாகாது. ஒன்று உருண்டு நீண்டது, மற்றது தட்டையாய் அகன்றது. வாலின் நுனிவரை அளப்பதா, வாலின் அடிவரை அளப்பதா என்பதை முன்னரே முடிவு செய்துகொள்ள வேண்டும். சினை முற்றிய மீனின் எடையில் முட்டையின் எடையும் சேர்ந்திருக்கும். மேலும், பல மீன்கள் வளர வளர உருவமும் சிறிது மாறுவதால் கன விதி முற்றும் பொருந்துவதில்லை. லெ கிரென் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1951இல் வெளியிட்ட ஆய்வில், அந்தந்த நீர்நிலையின் மீன்களுக்கு அந்தந்த நீளத்தில் எதிர்பார்க்கத்தக்க எடை யாது எனக் கணித்து, அதனோடு ஒவ்வொரு மீனையும் ஒப்பிடும் முறையை வகுத்தார். சுருங்கக் கூறின், ஒரே இனத்தை, ஒத்த நீளத்தில் ஒப்பிடுவதே நியாயமான அளவை.

இனி வழக்குக்கு வருவோம்.

நாம் பணியாற்றும் மதரஸாவுக்கு அரை ஏக்கர் பரப்பில் வக்ஃபுக் குளம் ஒன்றுண்டு. ஏரி வாய்க்காலிலிருந்து அதற்கு நீர் வரும். ஆண்டுக்கு ஒருமுறை மீன் குத்தகையால் வரும் பணம், தங்கி ஓதும் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவில் சேரும். முன்பெல்லாம் கோடையில் குளம் வற்றும். மீன் முழுவதும் பிடிபடும். மழைக்குப் பின் புதுநீரும் புதுமீனும் வரும். அக்காலத்தில் கால் கிலோ எடையுள்ள ஜிலேபி சாதாரணமாகக் கிடைத்தது. பின்னர் குளம் எந்நாளும் நிறைந்திருக்க வேண்டும் என்னும் நல்லெண்ணத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டி நீர் பாய்ச்சினர். அதன்பின் குளம் வற்றவேயில்லை. மீன் பெருகியது, ஆனால் ஆண்டுக்காண்டு சிறுத்தது. குத்தகைக்காரர் தொகையைக் குறைத்தார். 2021இல் கேட்பாரே இல்லை. பிள்ளைகளின் சாப்பாட்டில் வாரம் இருமுறை வந்த குழம்பு ஒருமுறையாயிற்று.

பணம் குறைந்த இடத்தில் பழி பிறப்பது உலக வழக்கு. பெரிய மீன்களை இரவில் யாரோ பிடித்து விற்கிறார்கள் என்றனர். இரவில் குளக்கரையில் இருப்பவர் ஒருவரே: இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காவல் காக்கும், எழுபது வயதைக் கடந்த முதியவர். அவரை நீக்கிவிட வேண்டும் என்று ஜமாஅத்தில் பேச்செழுந்தது. அவர் நம்மிடம் வந்து நின்றார்.

"ஹஜ்ரத், திருடித் தின்னவன் மாதிரியா இருக்கேன்? மீனை எல்லாம் நிறுத்துப் பாக்குறதா சொன்னாங்க. முதல்ல என்னையத் தராசுல ஏத்தச் சொல்லுங்க" என்றார்.

சிரிப்பதா, கலங்குவதா எனத் தெரியவில்லை. "மாமு, உங்களை நிறுக்க வேண்டாம், மீனையே நிறுப்போம்" என்றோம்.

மளிகைக் கடையிலிருந்து கிராம் காட்டும் தராசு ஒன்றை இரவல் வாங்கினோம். ஜமாஅத்தார் நால்வர் முன்னிலையில் வலை வீசப்பட்டது. பெரிய மாணவர் இருவர் ஈரத்துணியில் மீனை ஏந்தி அளக்க, நாம் எழுதினோம். அறுபது மீன்கள் அளக்கப்பட்டன. ஒன்றுகூட 13 செ.மீட்டரைத் தாண்டவில்லை. தலையும் கண்ணும் பெருத்து, முதுகு கூர்ந்து, வயிறு ஒட்டிக் கிடந்தன. ஒரு பெண்மீனை எடுத்துக்காட்டாகக் கூறுவோம்: நீளம் 11 செ.மீ., எடை 19 கிராம். மேனி எண் 1.4. அதனைத் தூக்கிய கணத்தில் வாயிலிருந்து குஞ்சுகள் கொத்தாக உதிர்ந்தன.

மறுநாள், நம் குளத்துக்கு நீர் தரும் அதே ஏரியின் மீன்களை அளந்தோம். அங்கேயும் 11 செ.மீ. மீன் கிடைத்தது, ஆனால் எடை 25 கிராம், மேனி எண் 1.9. வயிற்றைக் கீறிப் பார்த்தபோது சினையின் அடையாளமே இல்லை. அது இன்னும் பருவமெய்தாத இளமீன். அதே ஏரியில் பிடித்த முற்றிய மீன் 24 செ.மீ. நீளமும் 260 கிராம் எடையும் இருந்தது. அதன் எண்ணும் 1.9. ஒரே இனம், ஒரே வாய்க்கால், ஒரே நீளம். ஒன்று குழந்தை, மற்றது குழந்தைகளைச் சுமக்கும் தாய்.

இதற்குக் காரணம் இம்மீனின் இயல்பிலேயே உள்ளது. நல்ல நீர்நிலையில் ஏறத்தாழ 40 செ.மீ. நீளமும் ஒரு கிலோ எடையும் எட்டக்கூடிய இனம் இது. ஆனால் நெருக்கடியான சிறு குளத்தில் இரண்டு மூன்று மாதத்திலேயே, நான்கைந்து விரற்கடை நீளத்திலேயே பருவமெய்திவிடும். வெப்பமான நீரில் சில வாரங்களுக்கு ஒருமுறை முட்டையிடும். முட்டைகளைத் தாய் தன் வாயிலேயே அடைகாக்கும். குஞ்சுகள் நீந்திப் பிரியும்வரை ஏறத்தாழ 10 முதல் 14 நாள் அது பெரும்பாலும் பட்டினி. பட்டினி முடிந்து உடல் தேறுமுன் மறுமுறை சினை. தின்ற சிறிதளவு உணவும் சதையாகாமல் முட்டையாகிறது. பிறந்த குஞ்சுகளோ அதே குளத்தில் அதே உணவுக்குப் போட்டியாக வளர்கின்றன. ஆண்மீன்கள் பெண்மீன்களைவிடப் பெரிதாவதற்கும் இந்த அடைகாப்புப் பட்டினி இல்லாமையே ஒரு காரணம்.

வயிறு நிறைந்தாலும் மேனி செழிக்காத கொடுமையும் உண்டு. தென்னாப்பிரிக்காவில், இந்தியப் பெருங்கடலை ஒட்டி ஸிபாயா என்னும் நன்னீர் ஏரி உள்ளது. அங்கே இதே இனம் தன் தாயகத்திலேயே வாழ்கிறது. கரையோர ஆழமற்ற நீரில் மேயும் குஞ்சுகள் நன்கு வளர்கின்றன; ஆழத்தில் மேயும் முதிர்ந்த மீன்களோ குறுகி மெலிந்து போகின்றன. 1979இல் போவென் என்னும் ஆய்வாளர் இதற்கு விடை கண்டார். இரண்டும் தின்பது அடியிற் படிந்த மட்கிய பொருளையே. ஆனால் ஆழத்துப் படிவில் புரதம் மிகக் குறைவு. எரிப்பதற்கு வேண்டிய சத்து உண்டு. உடலைக் கட்டுவதற்கு வேண்டிய சத்து இல்லை. வெறுஞ்சோற்றால் வயிற்றை நிறைத்துவிட்டுப் பிள்ளை ஏன் வளரவில்லை எனக் கேட்கும் வீடுகளும் விடுதிகளும் இச்செய்தியைச் சற்று நின்று படிக்கலாம். நம் விடுதியில் குழம்பு குறைந்த அவ்வாண்டில் இதனை நாம் இருமுறை படித்தோம்.

ஜமாஅத்தில் இவ்வளவையும் எடுத்துரைத்தோம். மூத்தவர் ஒருவர் அறிவார்ந்த கேள்வியொன்றைக் கேட்டார்: "பெரிய மீனை எல்லாம் பொறுக்கி எடுத்துட்டா, சின்னதுதானே ஹஜ்ரத் மிஞ்சும்?"

கேள்வி நியாயமானதே. அதற்கு இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரி விடை தருகிறது. இரண்டாம் உலகப் போரில் உணவு நெருக்கடி ஏற்பட்டபோது, 1941 முதல் அந்த ஏரியின் பெர்ச் மீன்களைக் கூண்டுப் பொறிகள் வைத்துப் பெருமளவில் பிடித்து, டப்பாவில் அடைத்து மக்களுக்கு வழங்கினர். மீன்தொகை மிகவும் குறைந்தது. எஞ்சிய மீன்கள் என்ன ஆயின? முன்னைவிட வேகமாக வளர்ந்தன. மேலே கூறிய லெ கிரென் பல ஆண்டுகள் அளந்து கண்ட உண்மை இது. கூட்டம் குறைந்தால் ஒவ்வொன்றின் பங்கும் கூடும்.

நம் குளத்தில் மீன் மிகுதியாகக் களவு போயிருந்தால், மிஞ்சிய சிறுமீன்களுக்கு இடமும் உணவும் கூடியிருக்கும், அவை சிறியனவாயினும் கொழுத்திருக்கும், குழந்தைகளாக இருக்கும். இங்கே மிஞ்சியிருப்பவையோ மெலிந்தவை, தாய்மார்கள். இக்குளத்திலிருந்து எடுக்கப்பட்ட மீன் மிகுதி அன்று. எடுக்கப்பட வேண்டியதை எவரும் எடுக்கவில்லை என்பதே குறை. எந்நாளும் எவரும் ஒரு மீனும் எடுத்ததில்லை என்று தராசு சான்று கூறாது. அதற்கு அந்த ஆற்றலில்லை. ஆனால் மீன் சிறுத்ததற்குக் களவு காரணமன்று என்று கூற அதற்கு ஆற்றலுண்டு. ஒரு மனிதரின் மேல் பழி சுமத்துவதற்கு வேண்டிய சான்று அங்கே இல்லை என்பதற்கு அது போதும்.

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் அந்த மூத்தவரே எழுந்து, காவற்காரரை நீக்கும் பேச்சைக் கைவிடும்படி கூறினார். அவ்வாறே குறிப்பேட்டில் எழுதப்பட்டது. முதியவரை அழைத்துச் செய்தி சொன்னபோது அவர் மகிழ்ச்சியைக் காட்டவில்லை. "பேரு கெட்டது ஊரு முழுக்க, ஹஜ்ரத். சரியானது இந்த நாலு சுவத்துக்குள்ளதானே" என்றார். அடுத்த ஜும்ஆவுக்குப் பின் தீர்மானத்தை வெளியில் வாசிக்கச் செய்தோம்.

பின்னர்ச் செய்ய வேண்டியதைச் செய்தனர். 2022ஆம் ஆண்டுக் கோடையில் ஆழ்துளைக் கிணற்றை நிறுத்திக் குளத்தை வற்றச் செய்து, சேறு வெடிக்கும்வரை காயவிட்டனர். வாய்க்கால் மடையில் சிறுகண் வலை கட்டினர். கட்லாவும் ரோகுவும் ஆயிரத்துக்கு மிகாமல் விடப்பட்டன. அவை ஒரு சாண் நீளம் வளர்ந்த பின் சில விரால் குஞ்சுகளும் விடப்பட்டன. ஜிலேபிக் குஞ்சுகள் அளவுமீறிப் பெருகாமல் தின்று குறைப்பது விராலின் பணி. வலையையும் மீறி வாய்க்கால் வழியே ஜிலேபி வந்தே சேர்ந்தது. மறு ஆண்டு அவற்றுள் ஒன்றை நிறுத்தோம்: 19 செ.மீ., 130 கிராம், மேனி எண் 1.9. குத்தகை பழைய நிலைக்கு முழுதும் திரும்பவில்லை. ஆனால் கேட்பதற்கு ஆள் வந்தார். வாரத்தில் இரண்டாவது குழம்பும் திரும்பியது.

மீன் குறுகியது அதன் குலக்குறையால் என்று கூறியவர்களும் இருந்தனர். ஆந்திராவில் மீன்பண்ணையாளர் கையாளும் முறை அதற்கு மறுப்பாகும். அவர்கள் கெண்டைக் குஞ்சுகளை ஓராண்டுவரை நெருக்கமாகவும் குறையுணவிலும் வைத்து, வேண்டுமென்றே வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துவர். பின்னர் அவற்றையே விசாலமான குளத்தில் நல்லுணவோடு விட்டால், இழந்ததை ஈடுசெய்வதுபோல் விரைந்து வளரும். தடைப்பட்ட வளர்ச்சி யாவும் இறந்துபோன வளர்ச்சி ஆகிவிடாது. மீன், மனிதனைப்போல் ஒரு வயதோடு வளர்ச்சி நின்றுவிடும் உயிரன்று. இடமும் உணவும் கிடைக்கும்வரை அதன் உடல் வாய்ப்பை எதிர்நோக்கியிருக்கும்.

ஆசிரியப் பணியில் இருப்போர்க்கு இதில் ஒரு பாடமுண்டு. மாணவன் எத்தனை ஆண்டு ஓதினான், எத்தனை கிதாபு முடித்தான் என்பது நீளத்தின் கணக்கு. ஓதியது அவனுள் எவ்வளவு சதைப்பிடித்தது என்பது எடையின் கணக்கு. ஒரு வகுப்பில் எண்பது பேரை அடைத்துவிட்டு, எவனும் தேறவில்லையே என்று பிள்ளைகளைக் குறை கூறுவோர், முதலில் குளத்தின் பரப்பை அளக்கட்டும்.

ஊர்தோறும் வக்ஃபுக்குச் சொந்தமான குளங்களும் குட்டைகளும் உள்ளன. அவற்றைப் பராமரிக்கும் சகோதரர்களுக்கு நம் வேண்டுகோள் இரண்டு. ஆண்டுக்கொரு முறையேனும் ஐம்பது மீன்களை நீளமும் எடையும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஓர் அளவுகோலும் ஒரு தராசும் ஒரு முற்பகற்பொழுதும் அதற்குப் போதும். வருமானம் குறைந்ததென்று எவர் பெயரையேனும் வாயில் எடுக்குமுன் அக்குறிப்பேட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.